புகையைத் திருப்பி பெட்ரோலாக்கும் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இருக்காது. அதை வண்டியில் ஊற்றி எரித்தால், சைலன்ஸர் வழியாக வெளியே போகிற கரியமில வாயுவின் எடை எவ்வளவு தெரியுமோ? சுமார் 2.3 கிலோ!

பி.காம். படித்தவன் கண்ணில் இந்த மாதிரி கணக்கு பட்டால் கை பரபரக்கும். உள்ளே வந்த சரக்கு முக்கால் கிலோ, வெளியே போன சரக்கு ரெண்டேகால் கிலோ என்று ஒரு கம்பெனி புத்தகம் காட்டினால், ஆடிட்டர் முதலில் மேனேஜரைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஆனால் இங்கே மோசடி எதுவும் இல்லை. பெட்ரோலில் இருக்கிற கரி, எரியும்போது காற்றிலிருந்து சுமார் 1.7 கிலோ ஆக்ஸிஜனைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு வெளியே கிளம்புகிறது. அவ்வளவுதான். கணக்கு டாலி.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஆபீஸ் போக வர 30 கிலோமீட்டர். மாசம் 25 நாள். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக். (கொடுக்கும் என்று ஷோரூமில் சொன்ன பைக்!) மாசம் 15 லிட்டர் பெட்ரோல். ஆக, மாதா மாதம் நீங்கள் வானத்துக்கு அனுப்பி வைக்கிற கரியமில வாயு ஏறக்குறைய 35 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள், அப்போது புரியும்.

இந்த 35 கிலோவைப் பிடித்து, தண்ணீர் சேர்த்து, ஏதோ ஒரு பொடியைத் தூவி, வெயிலில் காயவைத்து, மறுபடி எரிபொருளாக மாற்ற முடிந்தால்?

முடியும். ஜோக் அடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் 1979-லேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால், 'முடியும்' என்பதற்கும் 'கட்டுப்படியாகும்' என்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என் மாமனாரின் நாலு லட்ச ரூபாய் விழத் தெரிந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இத்தாலிக்குப் போய்விட்டு வருவோம்.

போலோனியா நகரத்தில் ஜாக்கோமோ சாமிசியான் என்று ஒரு கெமிஸ்ட்ரி புரொபசர் இருந்தார். தாடி வைத்த ஆசாமி. கல்லூரி மாடியில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வெயிலில் அடுக்கி வைத்து, உள்ளே என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நம்ம வீட்டில் வடாம் காயவைக்கிற மாதிரி. 1912-ல் நியூயார்க்கில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று பேசினார். நிலக்கரியை எத்தனை நாளைக்குத் தோண்டிக்கொண்டே இருப்பது, செடி கொடி எல்லாம் வெயிலை வைத்துச் செய்கிற ரகசியத்தை மனுஷன் ஒரு நாள் கற்றுக்கொள்வான், பாலைவனங்களில் புகையே இல்லாத தொழிற்சாலைகள் வரும், கண்ணாடிக் குழாய்கள் பளபளக்கும் என்கிற ரீதியில் போனது அந்தப் பேச்சு. மோட்டார் காரே அப்போது பணக்காரர்களின் பொம்மை. பெட்ரோல் தீர்ந்துபோகும் என்று யாரும் கவலைப்படாத காலம். நோபல் பரிசுக்குப் பல தடவை அவர் பெயர் சிபாரிசு ஆனது. கிடைக்கவில்லை. 1922-ல் காலமானார்.

சரி, இவ்வளவு பழைய கனவு ஏன் இன்னும் பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேரவில்லை?

தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவைப் பார்த்திருப்பீர்கள். வெடித்து முடிந்த பட்டாசுக் காகிதம் குவிந்து கிடக்கும். அதைப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கொளுத்தினால் வெடிக்குமா? கரியமில வாயு என்பது அந்தக் காகிதம்தான். தன்னிடம் இருந்த சக்தியை எல்லாம் செலவழித்துவிட்டு, இனி எனக்கு எதுவும் வேண்டாம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்ட ரிடையர்டு ஆசாமி. அதை மறுபடி வேலைக்கு அனுப்ப வேண்டுமானால், எரியும்போது அது வெளியே விட்ட சக்தி அத்தனையும் யாராவது திருப்பிக் கட்டியாக வேண்டும். தள்ளுபடி கிடையாது. இயற்கையில் அரசியல் இல்லை பாருங்கள்!

அந்தப் பணத்தைக் கட்டுவது வெயில். அப்படியானால் அந்தப் பொடி, கேட்டலிஸ்ட், தமிழில் வினையூக்கி, அது என்ன செய்கிறது? அது கல்யாண புரோக்கர். பெண் வீட்டாரையும் பிள்ளை வீட்டாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கும். முறுக்கிக்கொண்டு நிற்கிறவர்களைச் சமாதானப்படுத்தும். ஆனால் கல்யாணச் செலவை அது ஏற்காது. கல்யாணம் முடிந்ததும் அப்படியே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். இந்த ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

வெயிலில் வேலை செய்கிற இந்தப் பொடி பெரும்பாலும் ஒரு செமிகண்டக்டர். அதன் உள்ளே நடப்பதை ஆபீஸ் பாஷையிலேயே சொல்லிவிடலாம். கீழ் மாடியில் உட்கார்ந்திருக்கிற எலெக்ட்ரானுக்கு, ஒளி பட்டதும் மேல் மாடிக்குப் ப்ரமோஷன். கீழே அதன் நாற்காலி காலி. மேலே போன எலெக்ட்ரான் கரியமில வாயுவிடம் போய்ச் சேர வேண்டும். காலியான நாற்காலிக்குத் தண்ணீரிலிருந்து ஒரு எலெக்ட்ரான் வந்து உட்கார வேண்டும். அப்படித் தண்ணீர் தன் எலெக்ட்ரானைக் கொடுக்கும்போது ஆக்ஸிஜன் வெளியேறும். கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா?

நடப்பது வேறு. முதல் சிக்கல், ப்ரமோஷன் ஆன எலெக்ட்ரானுக்கு மேலே இருப்புக் கொள்ளாது. பழைய நாற்காலிக்கே குதித்துவிடும். அதற்குக் கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு போதும். பிடித்த வெயில் வெறும் சூடாகிப் போகும்.

இரண்டாவது சிக்கல், கையெழுத்து. கரியமில வாயுவை கார்பன் மோனாக்சைடாக்க 2 எலெக்ட்ரான் போதும். மெத்தனால் வேண்டுமானால் 6. மீத்தேன் என்றால் 8. ஆறு அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டிய ஃபைல் எந்த ஆபீசில் சீக்கிரம் நகர்ந்திருக்கிறது? அதற்குள் பக்கத்தில் இருக்கும் தண்ணீர், 'எனக்கு ரெண்டே கையெழுத்துதான் சார்' என்று குறுக்கே நுழைந்து ஹைட்ரஜனாகி ஓடிவிடுகிறது.

மூன்றாவது சிக்கல், மாடியின் உயரம். 1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு டைட்டானியம் டை ஆக்ஸைடு படிகத்தைத் தண்ணீரில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். குமிழ் குமிழாக வாயு வந்தது. ஒளி, தண்ணீரைப் பிளந்துகொண்டிருந்தது! அவரும் அவருடைய புரொபசர் ஹோண்டாவும் 1972-ல் அதை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே உலகம் பூராவும் பெட்ரோல் தட்டுப்பாடு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1979-ல் அதே ஹோண்டா, ஃபுஜிஷிமா குழுதான் தண்ணீரில் பொடியைக் கலக்கி, கரியமில வாயுவைக் குமிழ்விட்டு, ஒளி காட்டி, ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால், துளி மீத்தேன் எல்லாம் எடுத்துக் காட்டியது. டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒன்றும் அபூர்வ சரக்கு இல்லை. வெள்ளை பெயிண்டில் இருப்பது அதுதான். ஆனால் அந்தப் பொடியில் மாடி ரொம்ப உயரம். எலெக்ட்ரானை ஏற்றிவிடப் புற ஊதா ஒளியால்தான் முடியும். நம்ம தலைமேல் விழுகிற வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நாலோ ஐந்தோதான். மீதியெல்லாம் தண்டம்.

அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் போராடுவது இந்த மூன்று சிக்கலோடுதான்.

இப்போது மாமனார்.

அவர் ரிடையர் ஆகி மூன்று வருஷம். கையில் இருந்த பணத்தில் நாலு லட்சத்தை பாங்க்கில் டெபாசிட் போட்டு வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது போன்.

"மாப்ளே, நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதறவர். காத்துல இருக்கிற புகையில இருந்து டீசல் எடுக்கறாங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான் மாமா. லேப்ல எடுக்கறாங்க."

"பேஷ்! அப்ப டெபாசிட்டை உடைச்சிடலாம்."

எனக்குச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றது. விஷயம் இதுதான். தூரத்து உறவுப் பையன் ஒருவன் வழவழவென்று கலர் நோட்டீஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஒரு கம்பெனி. (பெயர் வேண்டாம்.) கரியமில வாயுவிலிருந்து டீசல். ரகசிய மூலிகை கேட்டலிஸ்ட். வெயில் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ராத்திரியிலும் ஓடும். போட்ட பணத்துக்கு மாசம் 5 சதவீதம். நோட்டீஸின் அடியில் ஒரு பச்சை இலை, அதன்மேல் ஒரு பூமி உருண்டை.

நம் ஊருக்கு இது புதுசில்லை. 1996-ல் ராஜபாளையம் பக்கமிருந்து மூலிகை பெட்ரோல் என்று ஒன்று கிளம்பி நாடே பரபரத்தது. நான் அப்போது ரெண்டாங்கிளாஸ். தெருவில் எல்லோரும் எந்த இலை, எந்த இலை என்று அலைந்தது ஞாபகம் இருக்கிறது. 20 வருஷம் கழித்து, 2016-ல் சென்னையில் ஒரு நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்புச் சொல்லி, சிறைத் தண்டனையும் விதித்தது.

ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிற நண்பனிடம் நோட்டீஸைக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "இதைப் பொய்னு சொல்றது சுலபம்டா. கஷ்டம் என்னன்னா, நிஜமான ஆராய்ச்சியையும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் நாங்க சோதிக்கிறோம்" என்றான். அன்று ராத்திரி டீக்கடையில் ரெண்டு மணி நேரம் பேசினோம். அவன் சொன்னதை என் பாஷையில் நாலு தணிக்கைக் கேள்விகளாக எழுதிக்கொண்டேன்.

முதல் கேள்வி: பணம் யார் கட்டுகிறார்கள்? அதாவது சக்தி எங்கிருந்து வருகிறது? வெயில், கரண்ட், சூடு, ஏதோ ஒன்று உள்ளே போக வேண்டும். கேட்டலிஸ்ட் கட்டாது. அது புரோக்கர்.

இரண்டாவது: கரி எங்கிருந்து வந்தது? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், நேர்மையான ஆராய்ச்சிக்காரர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். பொடியைத் தயாரிக்கும்போது அதில் ஒட்டிக்கொண்ட அழுக்கிலும் கரி உண்டு. ஒளி பட்டால் அந்த அழுக்கே வாயுவாக மாறி வரும். கரியமில வாயுவிலிருந்து வந்ததாக நாம் சந்தோஷப்படுவோம். 2010-ல் நெதர்லாந்து, தைவான் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து இதை உடைத்துக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பே 'நிஜமா, கற்பனையா' என்று கேட்கிற தலைப்பு. கண்டுபிடிக்க என்ன வழி? லஞ்ச ஒழிப்பு போலீஸ் நோட்டில் ரசாயனம் தடவி அனுப்புவார்களே, அதே வழி! சாதாரண கார்பனைவிடக் கொஞ்சம் கனமான கார்பன்-13 என்று ஒரு வகை உண்டு. அதை வைத்துச் செய்த கரியமில வாயுவை உள்ளே அனுப்புவார்கள். வெளியே வருகிற எரிபொருளில் கார்பன்-13 இருந்தால் சரக்கு அசல். இல்லையென்றால் அழுக்கு.

மூன்றாவது: எலெக்ட்ரானைக் கொடுத்தது யார்? தண்ணீர் கொடுத்தால் அளவு தவறாமல் ஆக்ஸிஜன் வர வேண்டும். பல சோதனைகளில் தண்ணீருக்குப் பதில் ட்ரை எத்தனாலமைன் மாதிரி ஒரு ரசாயனத்தை ஊற்றுகிறார்கள். அது தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அழிந்துபோகும். பலி ஆடு. பாதி வேலையை மட்டும் தனியாகப் படிப்பதற்கு அது சரியான முறைதான். தப்பில்லை. ஆனால் அதை வைத்து வியாபாரம் பேசக் கூடாது. கிடைக்கிற எரிபொருளைவிட ஆட்டின் விலை ஜாஸ்தி!

நாலாவது: எத்தனை நாள் ஓடும்? மொட்டை மாடி சோலார் பேனலுக்கு 25 வருஷ வாரன்ட்டி சொல்கிறார்கள். இந்தப் பொடிகளில் பல, மணிக்கணக்கில்தான் பேசுகின்றன.

இந்த நாலு கேள்விக்கும் கூசாமல் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது. ஜப்பானில் கசுனாரி டோமென் குழு, 100 சதுர மீட்டருக்குப் பேனல் விரித்து, வெயிலும் பொடியும் தண்ணீரும் மட்டும் வைத்து மாதக்கணக்கில் ஹைட்ரஜன் எடுத்தது. 2021-ல் கணக்கை வெளியிட்டபோது, அதிகபட்சத் திறன் 0.76 சதவீதம் என்று அப்படியே போட்டார்கள். முக்கால் சதவீதம்! ஒன்று என்று ரவுண்டு பண்ணவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எர்வின் ரைஸ்னர் குழு, இலை மாதிரி மெல்லிய தகடு ஒன்றைச் செய்து 2022-ல் கேம் நதியில் மிதக்கவிட்டது. 2025-ல் அதே குழு, ராத்திரியில் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் வெயிலை வைத்து அதை எரிபொருளுக்கான மூல வாயுவாக மாற்றுகிற கருவியைக் காட்டியது. காற்றிலிருந்து பிடிப்பது சாதாரண வேலை இல்லை. பத்தாயிரம் மூலக்கூறை எண்ணினால் அதில் நாலுதான் கரியமில வாயு. ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரக் கூரைமேல் 2019-ல் ஒரு கருவி வைத்தார்கள். அது பொடி வழி இல்லை. வெயிலைக் குவித்து வருகிற சூட்டில் வேலை செய்வது. நாள் பூராவும் உழைத்து அது கொடுத்த எரிபொருள் 100 மில்லி. ஒரு டம்ளர் காபி அளவு.

சிரிக்காதீர்கள். பயிர் பச்சையே விழுகிற வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சேமித்தால் அதிகம். அந்த ஒன்றில்தான் நாம் எல்லோரும் சாப்பிடுகிறோம்.

சரி, அந்த ஒரு சதவீதத்தையே வைத்து நம்ம வீட்டுக் கணக்கைப் போடுவோம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் வெயில். மொத்தம் சுமார் 465 யூனிட். ஒரு சதவீதம் என்றால் நாலரை யூனிட் சொச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தி சுமார் 9 யூனிட். ஆக, மாடி முழுக்க அடைத்தால் தினம் அரை லிட்டர். பைக்கில் 25 கிலோமீட்டர். ஆபீஸ் போய்ச் சேரலாம், திரும்பி வர யாராவது லிஃப்ட் கொடுக்க வேண்டும்.

அதே மாடியில் சாதாரண சோலார் பேனல் போட்டால் எப்படியும் 80 யூனிட் வரும். ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு அது 2,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்கே போய்விடலாம்!

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எதற்கு, மூடிவிடலாமே என்று கேட்பீர்கள். மூடக் கூடாது. காரணம், ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும், விமானம் ஓடாது. ஒரு கிலோ விமான எரிபொருளில் 12 யூனிட் சக்தி. ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட். பேட்டரியை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போக வேண்டுமானால் பயணிகளை இறக்கி விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கடல் கடக்கும் கப்பலுக்கும் ஏறக்குறைய இதே தலைவலி. பெயிண்ட், பிளாஸ்டிக், மருந்து என்று கரி இல்லாமல் செய்ய முடியாத சாமான்களும் ஆயிரம் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய கரியைப் பூமிக்குள்ளிருந்து தோண்டாமல் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால், எரித்தாலும் எடுத்ததுதான் திரும்பப் போகும். பழைய கடன் அடையாது. ஆனால் புதுக் கடன் ஏறாது. கடன்காரனுக்கு அதுவே பெரிய நிம்மதி.

மாமனார் விஷயத்தை முடிக்கவில்லையே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போனேன். அந்தப் பையனும் வந்திருந்தான். மடித்து விட்ட முழுக்கை, கையில் டேப்லெட். மாமா செக் புத்தகத்தை மேஜைமேல் வைத்திருந்தார். நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன்.

"தம்பி, வெயில் வேண்டாம், கரண்ட் வேண்டாம்கறீங்க. டீசலுக்குள்ள போற சக்தி எங்கேருந்து வருது?"

"கேட்டலிஸ்ட்ல இருந்துதான் சார்."

"அது தீர்ந்து போகுமா?"

"தீரவே தீராது சார். அதான் சார் ஸ்பெஷல்!"

மாமா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அவர் நாற்பது வருஷம் வரவு செலவு பார்த்த மனுஷர். ஒரு நிமிஷம் கழித்து, "தீராத பணம் யார்கிட்டப்பா இருக்கு?" என்றார். செக் புத்தகம் மறுபடி அலமாரிக்குப் போனது. மற்ற மூன்று கேள்விகளுக்கு வேலையே வரவில்லை. பையன் காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். உறவு பாருங்கள்.

அன்று ராத்திரி மாமா மெதுவாகக் கேட்டார். "அந்த ஜப்பான்காரன் மாப்ளே, முக்கால் சதவீதம்னு போட்டானே, அவன் கம்பெனி ஷேர் விக்கறானா?"

இல்லை மாமா, அது பல்கலைக்கழக ஆராய்ச்சி என்றேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு நோட்டீஸோ, செல்போனில் ஒரு வீடியோவோ வரும். நாலு கேள்வியையும் கேளுங்கள். நாலுக்கும் நேரான பதில் சொல்கிற ஆள் அகப்பட்டால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். மாமாவின் நாலு லட்சம் இன்னும் பாங்க்கில் பத்திரமாக இருக்கிறது.